மேல்கடவாய்ப் பல்

ரெண்டு விசில். கிளம்பச் சொல்லுதான் கண்டக்டர் இஸ்ரவேல். அந்தச் சத்தம் காதுக்குள்ள போகல. நேரா இடது மேல்பல்லுக்குள்ள எறங்கி, அங்ஙன இருந்து கண்ணுக்குப் பின்னால ஏறி, மண்டைக்குள்ள போயி உக்காருது. மெதுவா ஊதுலேன்னு சொல்லலாம். சொன்னா ஏன் அண்ணாச்சிம்பான். பதில் சொல்ல வாயைத் தொறக்கணும், வாய் ரெண்டு நாளா ஒரு விரக்கடைக்கு மேல தொறக்க மாட்டேங்கு. ஃபர்ஸ்ட் கியர். கிளட்சை விடும்போது ஒரு குலுக்குக் குலுக்கும், பழைய வண்டி, அதுக்கு நான் என்ன செய்ய, அந்தக் குலுக்குல பல்லு வேரோட ஆடுது, ஆ, யம்மா. கத்தல. மனசுக்குள்ளதான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய வந்தாச்சு, ஏழு பத்துக்கு எடுக்கணும், எடுத்தாச்சு. குத்தாலிங்கம் வண்டியை, என் வண்டியைத்தான், பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கிடலாம்பாரு டைம்கீப்பரு. இருபத்தாறு வருசம் ஓட்டியிருக்கேன், ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல. அடிச்சதில்ல, அடிச்சதில்லன்னு இன்னைக்கு ஏன் சும்மா சும்மா சொல்லிக்கிடுதேன்? கறுப்புக் கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்கு, வீங்கின கன்னம் அதை மேல தள்ளுது. ஏறும்போதே பார்த்துட்டான் கண்டக்டர் பய. "என்ன அண்ணாச்சி, மூஞ்சி ஒரு பக்கமா பொங்கிப் போயிருக்கு?" குளவி கொட்டிட்டுலேன்னு சொன்னேன். பொய் தானா வந்துச்சு. "சுண்ணாம்பு தடவுனியளா?" தடவுனேன் தடவுனேன், நீ போயி சீட்டைக் கிழின்னு வெரட்டி விட்டேன். நல்ல பய. நம்பிட்டான். இன்னைக்குன்னு பார்த்து எல்லாரும் என்னை நம்புதானுவ.

காலையில எந்திரிச்சப்ப இடது கண்ணு தொறக்கல. மேலிமையும் கீழிமையும் வீங்கி ஒண்ணோட ஒண்ணு அமுங்கிக் கிடக்கு. பாத்ரூம் கண்ணாடி முன்னால நின்னு விரலைக் கொண்டு போனேன். தூக்கிப் பார்த்தாத் தெரிஞ்சிரும். விரல் இமை மேல பட்டுச்சு, காய்ஞ்ச தோசைக்கல்லாட்டம் சூடு, எடுத்துட்டேன். தூக்கினா வெளிச்சம் தெரியும், தெரிஞ்சா வெறும் வீக்கம்தான், ரெண்டு நாள்ல வத்திரும். தெரியலைன்னா? அதுக்கு மேல யோசிக்க நேரம் இல்லைன்னு சட்டையை மாட்டினேன். நேரம் இருந்துச்சு. அரைமணி நேரம் இருந்துச்சு, டீயைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மாதான் உக்காந்திருந்தேன். எம் பொஞ்சாதி பூமாரி கேட்டா, "இன்னைக்கு ஒரு நாள் லீவு போடக்கூடாதா?" அவளுக்கு என்ன தெரியும். நாளைக் கழிச்சு புதன்கிழமை கண் டெஸ்டு, டிரைவருக வரிசையா போயி நிக்கணும். இன்னைக்கு லீவுன்னா என்ன காரணம்பான், கன்னம் வீங்கியிருக்குன்னா டாக்டர்ட்டக் காட்டிச் சீட்டு வாங்கிட்டு வாம்பான். அந்த டாக்டர் என்ன செய்வான்? என் இமையைத் தூக்கிப் பார்ப்பான். நான் செய்யப் பயந்ததை அவன் செஞ்சுருவான், நோட்டுல எழுதியும் வெச்சுருவான். அதுக்கு வண்டியே ஓட்டலாம். சே, என்ன புத்தி இது. பின்னால அறுபது உசுரு உக்காந்திருக்கு. ஒரு கண்ணுலயும் நல்லாத்தான் தெரியுது, ரோடு தெரியுது, கோடு தெரியுது, முன்னால போற நெல்லு லாரி தெரியுது. தெரியுதுல்ல, பின்ன என்ன.

மூணு மாசத்துக்கு முந்தி ஆரம்பிச்சது. டீ குடிச்சா சுர்ருன்னு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சூடு பட்டாலும் இழுக்கும், ஐஸ் தண்ணி பட்டாலும் இழுக்கும். வலது பக்கமா மென்னுக்கிட்டேன். அப்புறம் கிராம்பை வெச்சு அடக்கினேன், கிராம்புத் தைலத்தைப் பஞ்சுல நனைச்சு வெச்சேன், நாக்கு வெந்ததுதான் மிச்சம். உப்புத் தண்ணி, மஞ்சள், பச்சைக் கற்பூரம். பூமாரி அவ தங்கச்சி சொன்னான்னு கண்டங்கத்திரி விதையை நெருப்புல போட்டு, கொட்டாங்கச்சில ஓட்டை போட்டு, அந்தப் புகையை வாயால இழுக்கச் சொன்னா, பல்லுப் பூச்சி விழுந்துரும்னு. இழுத்தேன். ரெண்டு வெள்ளையா என்னமோ விழுந்துச்சு, "பாத்தீங்களா, பாத்தீங்களா"ன்னு குதிச்சா. அது வெடிச்ச விதையில உள்ள பருப்புன்னு பல் டாக்டர் பொண்ணு சொல்லித்தான் தெரியும். ஆமா, டாக்டர்ட்டப் போனேன். போகலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டு பக்கத்துல மாடியில, என் மக வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. படம் எடுத்துப் பார்த்துட்டு, "சொத்தை உள்ள வரைக்கும் போயிருச்சு சார். வேர்ல சீழ் கட்டியிருக்கு. காப்பாத்துற கட்டம் தாண்டிருச்சு, எடுத்துரலாம்"னு சொல்லிச்சு. மேல்பல்லுல்லாம்மான்னேன். "மேல்பல்லுதான் சார்." நான் டிரைவர்மா, கண்ணு போயிரும்லான்னேன். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தது இன்னும் மனசுல நிக்கு, நான் ஏதோ வேற ஊர் பாசையில பேசுன மாதிரி. "பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்குப் போற நரம்பு வேற. எடுத்தாக் கண்ணு போகாது. எடுக்காம விட்டா அந்தச் சீழ் மேல ஏறும், அதுதான் கண்ணுக்கு ஆபத்து." நான் சிரிச்சேன். சின்னப்பிள்ளை, புஸ்தகத்தைப் படிச்சிட்டுச் சொல்லுதுன்னு சிரிச்சேன். ஒரு நாளைக்கு எத்தனை டீன்னு கேட்டுச்சு, ஒம்பது பத்துன்னேன். சக்கரை போட்டுத்தானான்னு கேட்டுச்சு, சக்கரை இல்லாம என்னம்மா டீ. ராத்திரி பல்லு தேய்ப்பீங்களா? ராத்திரி எதுக்குத் தேய்க்கணும், எவன் மூஞ்சியில முழிக்கப் போறேன். அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு வரல. அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதி, "முழுசாச் சாப்பிடணும், வெள்ளிக்கிழமை வாங்க, எடுத்துரலாம்"னு சொல்லிச்சு. ரெண்டு நாள் சாப்பிட்டேன், வலி கொறஞ்சுச்சு, நிப்பாட்டிட்டேன். வெள்ளிக்கிழமை போகல. அது மாதிரி எட்டு வெள்ளிக்கிழமை போயிருச்சு.

பனவடலிசத்திரம். ஒத்தை விசில், நிப்பாட்டணும். பிரேக்கை மிதிச்சா ரத்தமெல்லாம் முன்னால கன்னத்துக்கு வந்து முட்டுது. இடது பக்கமாத்தான் ஆளுக நிப்பாங்க, இந்த ரோட்டுல ஏறுறவன் எறங்குறவன் ஓரமா நடக்குறவன் எல்லாமே இடது பக்கம்தான், எந்த எழவு எடுத்தவன் இதை இப்படி வெச்சானோ. தலையை முழுசாத் திருப்பி வலது கண்ணைக் கொண்டு போயித்தான் பார்க்க வேண்டியிருக்கு. திருப்பினா முன்னால ரோடு இல்ல. முன்னால பார்த்தா இடது பக்கம் இல்ல. இடது பக்கத்துல இருட்டுன்னு சொல்லக்கூடாது, ஒண்ணுமே இல்ல, அங்ஙன ஒரு பக்கம் இருக்குங்கிறதே இல்ல. முதல் சீட்டுல மானூர் பள்ளிக்கூடத்து டீச்சர் உக்காந்திருக்காங்க. ஆறு வருசமா இந்த வண்டிதான், இந்தச் சீட்டுதான், பேரு எனக்குத் தெரியாது. நான் தலையைத் திருப்பும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காங்க. டீச்சர்மாருக்குப் பார்க்கிறதுதானே தொழிலு. ரெண்டு விசில், போ. நாலு நாளைக்கு முன்னாடி வலி சுத்தமா நின்னுச்சு. சுத்தமா. விடிஞ்சு எந்திரிச்சுத் தட்டிப் பார்க்கேன், வலி இல்ல, சுடச்சுட டீ குடிக்கேன், வலி இல்ல. ஆஹா, மூணு மாசம் பொறுத்துக்கிட்டதுக்குத் தானாச் சரியாயிட்டு பாருன்னு பூமாரிகிட்ட ஒரு ஆட்டம் ஆடினேன், போயி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சேன். வலி நின்னாலும் சும்மா இருந்துராதீங்க, உள்ள நரம்பு செத்துப்போனாலும் வலி நின்னுரும்னு அந்தப் பொண்ணு சொன்னது அன்னைக்கு ஞாபகம் வரல. இப்ப வருது. வந்து என்ன செய்ய. முந்தாநாள் ஈறு வீங்குச்சு, நேத்து கன்னம் வீங்குச்சு. நேத்து சாயங்காலம் உப்பை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் வெச்சா பூமாரி, சூடு பட்டா வீக்கம் கலையும்னு. கலைஞ்சுச்சு. மேல கலைஞ்சுச்சு. வெளியில இருந்து சூடு வைக்கவே கூடாதுன்னும் அந்தப் பொண்ணு சொல்லியிருந்துச்சு. அது எதைச் சொல்லல? எல்லாத்தையும் சொல்லிச்சு, நான்தான் கூறுகெட்டுப் போயி உக்காந்திருந்தேன்.

தங்கச்சாமி அண்ணன். ஆமா, எல்லாம் அந்த ஆளால. அவரால இல்ல. இரு, நிதானமா யோசிப்போம், முன்னால டிராக்டர் போகுது, ஹாரன் அடி, ஒதுங்குதான், போ. தங்கச்சாமி அண்ணன் மெட்ராஸ் வண்டி ஓட்டின ஆளு. ஒரு தரம் ஏதோ முகாம்ல போயி மேல்பல்லைப் பிடுங்கிட்டு வந்தாரு. ஆறாவது மாசம் கண் டெஸ்டுல அவுட்டு. இப்ப டிப்போ கேட்டுல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, போற வார வண்டி நம்பரை எழுதுதாரு. அதுவும் பார்த்து எழுத முடியாது, நாங்கதான் நம்பரைக் கத்திச் சொல்லணும். கத்துவோம். புதுப் பயலுக வேணும்னே தப்பா ஒரு நம்பரைக் கத்திட்டுச் சிரிச்சிக்கிட்டே போவானுக, அவரு அதையும் எழுதுவாரு. அதுலருந்து எங்க டிப்போவுல மேல்பல்லைப் பிடுங்கின டிரைவர் ஒருத்தன் கிடையாது. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவான், கிராம்பை மென்னுக்கிட்டே ஓட்டுவான், ஆனாப் பிடுங்க மாட்டான். கீழ்ப்பல்லுன்னா ஓடிப்போயிப் பிடுங்கிட்டு வருவான். இதை எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது யாரு? தங்கச்சாமி அண்ணனா? அவரு வாயைத் தொறந்ததே இல்ல. நான்தான் சொன்னேன். புதுசா ஒரு டிரைவர் வந்தா டீக்கடையில உக்கார வெச்சு, தம்பி, மேல்பல்லு வேரு கண்ணு நரம்பைச் சுத்திக்கிட்டு இருக்கு, தொட்டுராதேன்னு நான்தான் சொன்னேன், பெரிய மேதை மாதிரி. கேக்குறவன் வாயைப் பொளந்து கேப்பான், எனக்கு அது நல்லா இருந்துச்சு. அவருக்குக் கண்ணு போனது சக்கரை வியாதியினால. அவரு சம்சாரமே என்கிட்ட ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு அழுதுக்கிட்டே சொன்னா, பத்து வருசமாச் சக்கரை, மாத்திரையே போடலன்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே பல்லுன்னு சொன்னேன். சக்கரைன்னு சொன்னா எவன் கேப்பான், டீக்கடையில பாதிப் பேருக்குச் சக்கரை. பல்லுன்னு சொன்னாத்தான் கதை. சொல்லிச் சொல்லிக் கடைசியில நானே நம்பிட்டேனே, அதுதான் வேடிக்கை. என் வாயால சொன்னதை நானே நம்பி என் வாயை நானே கெடுத்துக்கிட்டேன்.

வன்னிக்கோனேந்தல் தாண்டியாச்சு. குளிருது. ஆனி மாசத்துக் காத்து புழுதியை வாரி அடிக்குது, காத்தாடி ஆலையெல்லாம் பிய்ச்சுக்கிட்டுச் சுத்துது, என்ஜின் சூடு காலைச் சுடுது, எனக்குப் பல்லு கிட்டிக்கிட்டுக் குளிருது. பல்லு கிட்டினா அந்தப் பல்லு மேல இடிக்கும், அதுக்குன்னு நாக்கை நடுவுல குடுத்திருக்கேன், நாக்கைக் கடிச்சு ரத்தம் உப்புக் கரிக்குது. ரத்தமா சீழா. துப்ப முடியாது, முழுங்குதேன். இஸ்ரவேல் சீட்டு குடுத்து முடிச்சிட்டு முன்னால வந்து நிக்கான். "அண்ணாச்சி, குளவி கொட்டினா இப்படியா இருக்கும்? பல்லா?" இல்லலே. "பல்லுன்னா பிடுங்கிருங்க அண்ணாச்சி. நான் போன வருசம் பிடுங்கலையா, மேல்பல்லு, ஒரு எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அன்னைக்கே நீங்க என்ன ஏச்சு ஏசினிய, கண்ணு போயிரும்னு." அவனுக்கு ஒண்ணும் ஆகல. சீட்டுல உள்ள பொடி எழுத்தை ஓடுற வண்டியில படிக்கான். அதையும் நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன் ஒரு வருசமா? பார்த்துட்டு என்ன சொன்னேன், உனக்கென்னலே, கண்டக்டருக்கு விசில் ஊத வாய் இருந்தாப் போதும்னு சொன்னேன். சிரிச்சான். "வேணும்னா மானூர்ல நிப்பாட்டிப் போன் போட்டு வேற டிரைவரைக் கேப்போமா?" வேண்டாம்லே, போயி உக்காரு. "கையெல்லாம் நடுங்குதே அண்ணாச்சி." வண்டி நடுங்குதுலே, எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போ. போயிட்டான். கூப்பிடு அவனை. கூப்பிட்டுச் சொல்லு. இஸ்ரவேல், எனக்கு இடது கண்ணு தொறக்கலன்னு சொல்லு, நாலு வார்த்தை. சொன்னா முடிஞ்சுச்சு, நாளைக்குக் கேட்டுல ரெண்டாவது ஸ்டூல். ரெண்டு பேருமா உக்காந்து நம்பர் எழுதலாம், எனக்கு அவரு கத்துவாரு, அவருக்கு நான் கத்துவேன். இமையை இப்பக்கூடத் தூக்கிப் பார்க்கலாம், நேரான ரோடுதான், ஒரு கை போதும். ஒரு செகண்டு. கை ஸ்டியரிங்கை விட்டு எந்திரிக்குது, கண்ணாடி வரைக்கும் போகுது. கியரை மாத்தப் போயிட்டு. கியர் மாத்தத் தேவையே இல்ல அங்ஙன.

தேவர்குளத்துல நாலு பேரு எறங்கி ஆறு பேரு ஏறினாங்க. கிளம்பி ரெண்டு வளைவு தாண்டி எதுத்தாப்புல ஒரு லாரி முட்டிக்கிட்டு வருது, ஒதுங்குதேன், இடது பக்கம் ஒதுங்குதேன், எவ்வளவு ஒதுங்குதேன்னு தெரியல, தட்டுன்னு ஒரு சத்தம். இடது பக்கம். தட்டுன்னு. லாரி போயிட்டு. வண்டி போயிக்கிட்டு இருக்கு. என்ன சத்தம் அது? கிளைதான். அந்த வளைவுல கருவேல மரம் ரோட்டுக்குச் சாஞ்சு நிக்கும், தெனமும் உரசும். உரசும். உரசினா சரசரன்னுல்லா இருக்கும், தட்டுன்னு இருக்காதே. கல்லு தெறிச்சிருக்கும். கல்லு தெறிச்சா அடியில கேக்கும், இது மேலல்லா கேட்டுச்சு, ஆளு உசரத்துல. ஆளு உசரத்துலன்னு ஏன் நெனைக்கேன்? மில்லுக்குப் போற பொம்பளைக அந்த ஓரமாத்தான் நடப்பாங்க, தூக்குவாளியைக் கையில பிடிச்சுக்கிட்டு, இந்த நேரத்துக்குத்தான். வளைவுக்கு முன்னால தூரத்துல ஒரு செகப்புச் சேலை பார்த்தேனே. பார்த்தேனா? பார்த்திருந்தா இடது பக்கமாத்தான் பார்த்திருக்கணும், இடது பக்கம் எனக்கு ஏது. சைடு கண்ணாடியைப் பாரு. தலையைத் திருப்பு. திருப்ப முடியல, மாட்டு வண்டி போகுது முன்னால, அதைத் தாண்டணும். யாரும் கத்தலயே. பஸ்சுக்குள்ள ஒரு ஆளு கத்தலயே, அறுபது பேரு இருக்காங்க, இடது பக்க ஜன்னல்ல மட்டும் பதினஞ்சு பேரு இருப்பாங்க, ஆளை அடிச்சிருந்தா ஐயோன்னு ஒருத்தன் கத்தியிருக்க மாட்டானா? எல்லாவனும் செல்போனைல்லா பார்த்துக்கிட்டு இருக்கான். இஸ்ரவேல் விசில் அடிக்கல. அவன் பின்வாசல்ல சாஞ்சு அசந்திருப்பான், அஞ்சு மணிக்கு எந்திரிக்க பய. ஒரு கிலோமீட்டர் ஆயிட்டு. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் இல்லைன்னா நிப்பாட்டிப் பார்த்தா என்ன? பார்த்தாத் தெரிஞ்சிரும். மறுபடியும் அதே. தெரிஞ்சிருமேன்னுதான் காலையில இருந்து எதையுமே பார்க்காம ஓட்டிக்கிட்டு வாரேன், கண்ணையும் பார்க்கல, கண்ணாடியையும் பார்க்கல. ரெண்டு கிலோமீட்டர். அங்ஙன அவ விழுந்து கிடந்தா இந்நேரம் யாராவது தூக்கியிருப்பாங்களா? வாளியில இருந்த சோறு ரோட்டுல கொட்டியிருக்கும். சோறு எனக்கு நல்லாத் தெரியுது, மூடி தனியா உருண்டு கிடக்கது தெரியுது. இல்லாததெல்லாம் தெரியுது. அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போனான்னு நாளைக்கு என்னைச் சொல்லுவாங்க. அப்படி நிக்காமப் போன குடிகாரப் பயகளை நான் சும்மா விட்டதில்லையே, எறங்கிப் போயிச் சட்டையைப் பிடிச்சிருக்கேனே. நாலு கிலோமீட்டர். பயமா இருக்கு. ஆமா, பயம்தான், வேற என்னன்னு சொல்ல. கண்ணு போயிருமோன்னு பயந்தேன், அது என் பயம், என்னோட போயிரும். இது அப்படி இல்ல.

மானூர்க் குளத்துக்கரை வந்ததும் நிப்பாட்டிட்டேன். ஸ்டாப்பு இல்ல, விசில் இல்ல, சும்மா ஓரங்கட்டி நிப்பாட்டிட்டேன். கதவைத் தொறந்து எறங்குதேன். முன்னால சுத்தி இடது பக்கம் போறேன். ஹெட்லைட்டுப் பக்கத்துல ஒண்ணும் இல்ல. பாடியில ஒண்ணும் இல்ல. ரத்தம் இல்ல, துணி இல்ல. பின் டயர் வரைக்கும் போயிக் குனிஞ்சு பார்த்தேன், குனிஞ்சா மண்டை வெடிச்சிரும் போல இருந்துச்சு, டயர்ல செம்மண்ணுதான். இஸ்ரவேல் ஓடி வந்தான். "என்ன அண்ணாச்சி, என்ன?" ஏதோ தட்டுச்சுல்லா தேவர்குளம் தாண்டின்னேன். அவன் மேல கையைக் காட்டினான். சைடு கண்ணாடி கம்பியோட பின்னால மடங்கிக் கிடக்கு, அதுக்குள்ள ஒரு கருவேலங்கிளை பச்சையா ஒடிஞ்சு சொருகி நிக்கு. "கிளைதான் அண்ணாச்சி. நான் பார்த்தேனே. அதுக்கா பயந்துட்டிய?" கிளைதான். கிளைதான். பஸ்சுல சாஞ்சுட்டேன், அழுகை வந்துட்டு, ஐம்பத்தி மூணு வயசு ஆளு நடுரோட்டுல நின்னு அழுதேன், அந்தப் பய என் தோளைப் பிடிச்சுக்கிட்டான். கண்ணாடியை நிமித்தி வெச்சான். "வாங்க, ஏறுங்க, நேரமாகுது." ஏறலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. இன்னும் பதினாறு கிலோமீட்டர்தான் திருநெல்வேலிக்கு. ஆனா அந்தக் கண்ணாடி மடங்கி நாலு கிலோமீட்டர் வந்திருக்கு, எனக்குத் தெரியல.

கறுப்புக் கண்ணாடியைக் கழத்திச் சட்டைப் பையில வெச்சேன். வலது கண்ணை உள்ளங்கையால அழுத்தி மூடினேன். இடது கையால மேலிமையைத் தூக்கினேன். ரெண்டு விரல் போட்டுத் தூக்க வேண்டியிருந்துச்சு, அழுத்தினதுல கண்ணோரமா என்னமோ ஒழுகி உதட்டுக்கு வந்துச்சு. குளத்துக்கு அந்தப் பக்கம் வெயில் ஏறியிருந்துச்சு, நேரா அதைப் பார்த்துத்தான் நிக்கேன். சூடு முகத்துல படுது. வெளிச்சம் இல்ல. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். இதுக்கு மேல தூக்க முடியாது, கண்ணு முழுசாத் தொறந்துதான் இருக்கு, விரல்ல ஈரம் படுது. தூக்கின கையோட மிச்ச விரலைக் கண்ணு முன்னால ஆட்டினேன். "அண்ணாச்சி"ன்னான் இஸ்ரவேல், அவன் குரல் ஒரு மாதிரி ஆயிட்டு. வலது கையை எடுத்தேன், அவன் தெரிஞ்சான், வாயைப் பொத்திக்கிட்டு நின்னான்.

ஆளுக ஒவ்வொருத்தரா எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. "என்ன கண்டக்டர், பிரேக்டவுனா?" இஸ்ரவேல் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "ஆமா, பிரேக்டவுன், பின்னால வார வண்டியில ஏத்தி விடுதேன்"னான். என்னைக் காப்பாத்துதான். அப்படியே விட்டுறலாம், நாளைக்குப் பல்லைப் பிடுங்கிட்டு, ஆஸ்பத்திரியில படுத்துட்டு, குளவி கொட்டினதுன்னே சொல்லிக்கிடலாம், இல்லைன்னா பல்லைப் பிடுங்கினாங்க கண்ணு போயிட்டுன்னு சொன்னா டிப்போவே நம்பும், முன்னைவிட நல்லா நம்பும். வாய் அந்தப் பொய்யைச் சொல்ல அவ்வளவு லேசாத் தயாராச்சு. வண்டிக்கு ஒண்ணும் இல்லைன்னேன். சத்தம் வரல, இன்னொரு தரம் சொன்னேன். வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒரு கண்ணு தெரியல. பல்லைப் பிடுங்கணும்னு டாக்டர் சொன்னாங்க, நான் பிடுங்காம விட்டேன், சீழ் ஏறிட்டு. ஒரு ஆளு தன் பிள்ளையை என்கிட்ட இருந்து அந்தப் பக்கமா இழுத்து நிப்பாட்டினான், நான் என்னமோ செஞ்சுருவேன்ங்கிற மாதிரி. இஸ்ரவேல் போனைக் காதுல வெச்சுக்கிட்டு ஆம்புலன்சுக்கு ஊரு பேரைக் கத்திக்கிட்டு இருந்தான்.

டீச்சர் கடைசியா எறங்குனாங்க. கைப்பையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு எனக்கு நேரா வந்து நின்னாங்க.

"எப்பருந்து அண்ணாச்சி தெரியல?"

காலையில வண்டி எடுக்கும்போதேன்னேன்.

ஏசுவாங்கன்னு நெனச்சேன், ஏசினா நல்லா இருந்திருக்கும்.

"ஆறே முக்காலுக்கு ஒரு வண்டி வரும். உங்க வண்டியை நம்பித்தான் தெனமும் அதை விட்டுட்டு நிப்பேன்"னாங்க.

திருநெல்வேலி வண்டி ஒண்ணு பின்னால வந்து நின்னுச்சு, எல்லாரும் அதுல ஏறினாங்க. டீச்சர் ஏறல. குளத்துக்கரையோட மானூரைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சாங்க.